அடமானமாக ஒரு செருப்பு

கட்டுரை வகுப்பில் சிவப்புப் பேனா கிடையாது, கத்தரிக்கோல்தான். மாணவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படிப்பார். உயிரில்லாத வரி கண்ணில் பட்டால் நறுக்கென்று வெட்டிக் காலடியில் இருக்கும் கூடையில் போட்டுவிடுவார். மிச்சம் எது இருக்கிறதோ அதுதான் கட்டுரை. அவருக்குக் கத்தரி மிஸ் என்று பெயர் வைத்தது எந்த வருடத்துப் பிள்ளைகளோ தெரியாது. ஒருமுறை யாரோ வகுப்புக் கதவில் கத்தரிக்கோல் படம் வரைந்து வைத்தபோது, பிடி சின்னதாக இருக்கிறது, விரல் நுழையாது என்று மட்டும் சொன்னார்.

பெரியவளின் கட்டுரை எப்போதும் பஸ் டிக்கெட் அகலத்தில்தான் திரும்பி வரும். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. நெஞ்சைக் குடைந்தது அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கையின் தாள், போன மாதிரியே முழுசாகத் திரும்பி வருவதுதான்.

கல்லூரி நுழைவுத் தேர்வில் பாதி மதிப்பெண் கட்டுரைக்கு. மற்ற தாள்களைப் பற்றிப் பெரியவளுக்குக் கவலை இல்லை; கணக்கில் அவள் புலி. கட்டுரைதான் காலை வாரிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை வாரிவிட்டது. இது மூன்றாவது முறை, இதோடு சரி என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். கூச்சலுக்கும் பதற்றத்துக்கும் நடுவே நிதானமாகப் பேசியே பழகியவர். இந்தத் தடவையும் இடம் கிடைக்கவில்லை என்றால் சித்தியின் மருந்துக் கடையில் உட்கார்ந்துகொள், ஒன்றும் குறைந்துவிடாது என்றார். சித்தி அதற்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பூப்போட்ட உறையுடன் சின்ன மெத்தையும் வாங்கி வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மெத்தை பெரியவளைப் பார்த்து, எப்போது வருகிறாய் என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

சின்னவளுக்கு இது முதல் முறை. அவளுக்கு யாரும் மெத்தை வாங்கவில்லை.

வகுப்பு ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடந்தது. படியேறும்போதே சூடான காகித வாசனை வரும். நாலு பெஞ்சு, ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே பஸ் நிறுத்தம். பஸ் வந்து நின்றால் மிஸ் பேச்சை நிறுத்திவிட்டு, அது கிளம்பிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அவர் கற்றுக்கொடுத்த முறை எளிமையானது. பரீட்சையில் என்ன தலைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொருவரும் தனக்கு நடந்த ஒரு சம்பவத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பு எதுவானாலும் நாலு வரிக்குள் வண்டியைத் திருப்பி அந்தச் சம்பவத்தின் வாசலில் கொண்டு போய் நிறுத்த வேண்டும். அப்புறம் வண்டி தானாக ஓடும்.

இதற்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு சம்பவம் ஒருவருக்குத்தான். முன்பு ஒரு வருடம் இரண்டு மாணவர்கள் ஒரே பரீட்சை அறையில் ஒரே சம்பவத்தை எழுதப் போக, காப்பி அடித்தார்கள் என்று இரண்டு பேருக்கும் சைபர் விழுந்துவிட்டதாம். இரண்டாவது சட்டம், பொய் கூடாது. மோசமான வரியை மிஸ் பொறுத்துக்கொள்வார், வெட்டுவதோடு சரி. பொய்யைப் பிடித்தால் முழுத் தாளையும் தூள் தூளாக வெட்டி, சம்பவத்தையும் பிடுங்கிக்கொள்வார்.

முதல் வாரம், யார் யாருக்கு என்ன சம்பவம் என்று மிஸ் கேட்டுக்கொண்டே வந்தார். பெரியவள் எழுந்து லிஃப்ட் என்றாள். மிஸ் தலையாட்டினார். அடுத்து சின்னவள் எழுந்தாள். அவளும் லிஃப்ட் என்றாள்.

பெஞ்சுகள் சிரித்தன. மிஸ் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ரெண்டும் ஒரே லிஃப்ட்டா?"

"ஒரே லிஃப்ட்தான் மிஸ்," என்றாள் சின்னவள்.

"நீயும் அங்க இருந்தியா?"

"இல்ல மிஸ். ஆனா அக்காவ விட எனக்கு நல்லாத் தெரியும்."

பெரியவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்த லிஃப்ட் கதை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. அம்மா ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். அன்று பகல் ஷிஃப்ட். பெரியவளுக்குப் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது. வீட்டில் யாரும் இல்லாததால் அப்பா அவளையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாடியில் பல் டாக்டர் இருக்கிற கட்டடம். பல் வலியோடு ஏறிய ஒரு அம்மா, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா மேலே மோட்டார் அறைக்குப் போய்விட்டார். போகும்போது, கதவுகிட்ட உட்கார்ந்து பேசிக்கிட்டே இரு, அவங்களைத் தனியா விடாத என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். எட்டு வயதுப் பெண் இரும்புக் கதவின் இடுக்கில் வாயை வைத்து, சாயந்தரம் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்த அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பல் டாக்டர் கேக் வாங்கிக் கொடுத்தார். சேதி கேட்டு வார்டிலிருந்து அவளுடைய அம்மாவும் ஓடி வந்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்வார். அவர் மோட்டாரையும் பிரேக்கையும் விவரித்து முடிப்பதற்குள் வந்தவர்களுக்கு டீ ஆறிவிடும். அம்மா பெரியவளின் தலையைத் தடவுவாள். அந்த நேரத்தில் சின்னவள் எப்போதும் தன் தட்டைக் கழுவ எழுந்து போய்விடுவாள்.

பெரியவளுக்கு வாழ்க்கையில் நடந்ததே அது ஒன்றுதான். அதில் போய்த் தங்கை கை வைத்தாள்.

இரண்டு பேரும் எழுதுங்கள், யாருடையதைப் படிக்கும்போது எனக்குப் பஸ் சத்தம் கேட்கவில்லையோ அவளுக்கு லிஃப்ட் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

பெரியவள் மூன்று பக்கம் எழுதினாள். பொறுமை, தைரியம், பொதுநலம் மூன்றையும் அந்தச் சம்பவம் தனக்குக் கற்பித்ததாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினாள். கத்தரிக்கோல் ரொம்ப நேரம் ஓடியது. கடைசியில் ஒரே ஒரு துண்டு அவள் கைக்கு வந்தது. அதில், "லிஃப்ட் நின்றுவிட்டது" என்று இருந்தது.

சின்னவளுடையதை மிஸ் உரக்கப் படித்தார். அதில் ஒரு இடம் இப்படி வந்தது: "அக்கா அந்த இடுக்கில் வாயை வைத்துப் பேசினாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதனால் அந்த அம்மா சொன்னதில் பாதி அவளுக்கு இன்றுவரை தெரியாது."

வெளியே பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. மிஸ் நிறுத்தவில்லை.

அது உண்மை என்பதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. வாயையும் காதையும் மாற்றி மாற்றி வைத்தது அவள். இரும்பின் குளிர் பட்டது அவள் கன்னத்தில். ஆனால் அதை இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து கதை கேட்டவளுக்கு அது எப்படித் தெரிந்தது? தன் பெட்டியிலிருந்து தானே பார்க்காத ஒரு நகையை எடுத்துத் தங்கை போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அந்தக் கட்டுரையில் அவள்தான் கதாநாயகி. வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லிஃப்ட் சின்னவளுக்குப் போயிற்று. பெரியவள் வேறு சம்பவம் தேட வேண்டியதாயிற்று. விளையாட்டு விழாவில் விழுந்ததை எழுதினாள், வெட்டுப்பட்டது. எதிர்வீட்டு நாய் துரத்தியதை எழுதினாள். நாய் மட்டும் பிழைத்தது. கூடை நிறைய அவள் கையெழுத்தாகவே கிடந்தது. கூட்டிப் பெருக்க வரும் பெண், இந்தப் பொண்ணு கையெழுத்து ரொம்ப அழகு என்று பாராட்டினாள்.

அன்றிலிருந்து பெரியவள் தங்கையை உற்றுக் கவனிக்கத் தொடங்கினாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. சின்னவள் மேசையில் எழுத மாட்டாள். கட்டிலில் குப்புறப் படுத்து, கால்களை ஆட்டிக்கொண்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். நடுவில் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து சும்மா பார்த்துவிட்டு வருவாள். திரும்பி வந்து எழுதும் வரி மட்டும் நன்றாக இருக்கும். முதுகு வலிக்க மேசையில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து ஓரம் போட்டு எழுதுகிறவளுக்கு ஒன்றும் வராது. இது என்ன நியாயம்?

ஒரு சாயந்தரம் இருவரும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் கட்டுரையைப் பெரிதாக்கி எழுதச் சொல்லியிருக்கிறார் மிஸ், இன்னும் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று சின்னவள் கேட்டாள். கேட்ட விதத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பது போலக் கேட்டாள்.

அந்த நிமிடத்தில் பெரியவளுக்கு ஒரு வழி தெரிந்தது. ஒரு பொய்யைச் சொல்வோம். இவள் எழுதட்டும். அப்புறம் மிஸ்ஸிடம் சொல்லிக் கொடுப்போம். முழுத் தாளும் போகும், சம்பவமும் கை மாறும்.

அம்மாவின் வெள்ளைச் சட்டையை உதறி மடித்துக்கொண்டே, "அந்தம்மா மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றாள். "சுவத்துல கடிகாரம் இருந்துச்சு. எனக்கு அப்ப மணி பார்க்கத் தெரியாது. அம்மா ஷிஃப்ட் அஞ்சு மணிக்கு முடியும்னு மட்டும்தான் தெரியும். அதனால எத்தனை தடவை கேட்டாலும் அஞ்சு மணின்னே சொன்னேன்."

அந்த இடத்தில் கடிகாரமே கிடையாது. மணி பார்க்க அவள் ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள்.

அடுத்த வாரம் மிஸ் அந்த வரியைப் படித்துவிட்டு, தாளைக் கீழே வைத்துச் சிரித்தார். அவர் சிரித்து வகுப்பு பார்த்ததில்லை. அது நல்லதுதான், உயரத்திலிருந்து விழுந்தால் நன்றாக அடிபடும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. மிஸ் சிரித்தது தன்னிடமிருந்து போன வரிக்கு. பார்த்தது என்னவோ தங்கையின் முகத்தை.

இரண்டாவது பொய்யை இன்னும் பெரிதாகச் சொன்னாள். ஒரு லிஃப்ட் மெக்கானிக் கேட்டால் வாய்விட்டுச் சிரிக்கிற பொய்யாக இருக்க வேண்டும் என்று யோசித்தாள். ஆனால் யோசித்து முடிப்பதற்குள் அது தானாக வாயில் வந்து நின்றது. அந்த அம்மா ஒரு செருப்பைக் கழற்றிக் கதவு இடுக்கு வழியாக வெளியே தள்ளிவிட்டார். என்னை விட்டுட்டுப் போயிடாத, இதைக் கையில வச்சுக்கோ என்றார். அவர் வெளியே வரும்வரை அவள் அதை மடியில் அடமானம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

செருப்பு வரியை மிஸ் இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை மெதுவாக. முன்பெஞ்சில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். இந்தக் கட்டுரையைப் பரீட்சையில் எழுதினால் திருத்துகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார் என்றார் மிஸ்.

பெரியவள் எழுந்து நின்றாள்.

"அது பொய் மிஸ்."

மிஸ் கத்தரிக்கோலை எடுத்தார். "எது?"

"செருப்பு. இரும்புக் கதவு. விரல் நுழையறதே கஷ்டம், செருப்பு எப்படி வரும்? எங்கப்பாவக் கேளுங்க. கடிகாரமும் பொய்."

சின்னவள் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மிஸ்.

"ரெண்டையும் நான்தான் அவகிட்ட சொன்னேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதிலேயே விழுந்தது. மிஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாகப் பார்த்த மாதிரி இல்லை. தொலைத்த பொருள் அலமாரியின் எதிர்பாராத தட்டில் இருந்தால் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்போ பொய் சொன்னது அவ இல்ல. நீ. உன் தாளைக் கொண்டா."

அன்று அவள் எழுதி வந்திருந்தது மழையில் நனைந்த சம்பவம். மிஸ் அதைத் தலைப்பிலிருந்து கையெழுத்து வரை தூள் தூளாக வெட்டிக் கூடையில் போட்டார். பிறகு சின்னவளின் தாளை எடுத்து, கடிகார வரியையும் செருப்பு வரியையும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தார். இரண்டு துண்டுகளையும் பெரியவளிடம் நீட்டினார்.

"இது உன்னுது. வச்சுக்கோ. உன்கிட்ட இந்த மாதிரி ஒரு வரி வராதான்னுதான் நானும் இத்தனை நாளாக் காத்திருந்தேன். தங்கச்சியக் கவுக்கணும்னு நினைச்சதும் வந்துடுச்சு பாரு."

யாரோ சிரித்தார்கள். இரண்டு ஓட்டை விழுந்த தாளைச் சின்னவளிடம் திருப்பிக் கொடுத்து, லிஃப்ட் இன்னும் உன்னுடையதுதான், ஓட்டையை அடைத்துக்கொண்டு வா என்றார்.

பஸ்ஸில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். இறங்கி நடக்கும்போதும் சின்னவள் நாலடி முன்னால் போனாள். சலவைக் கடை தாண்டியதும் திரும்பாமலே பேசினாள்.

"செருப்பு நுழையாதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் அதே அப்பாவுக்குத்தான் பொறந்தேன். அதுக்குத்தான் கம்பிக் கதவுன்னு மாத்தி எழுதினேன். நீ கவனிக்கவே இல்ல."

தெரிந்தே ஏன் எழுதினாய் என்று பெரியவள் கேட்டாள். நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன் என்றாள் சின்னவள். அதோடு விட்டிருக்கலாம். பெரியவளின் வாய் சும்மா இருக்கவில்லை. எடுத்துக்கொள்வதுதான் உனக்குப் பழக்கமாயிற்றே, எனக்கென்று இருந்தது அந்த ஒரு லிஃப்ட், அதையும் எடுத்துக்கொண்டாய் என்றாள்.

சின்னவள் நின்று திரும்பினாள்.

"அந்த லிஃப்ட் கதையில அப்பா இருக்காரு. நீ இருக்க. அம்மா ஓடி வந்து அவங்களும் இருக்காங்க. ஊர்பேர் தெரியாத பல் டாக்டர் கூட இருக்காரு. அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு யாராவது ஒரு தடவை கேட்டீங்களாக்கா? எழுதியாவது உள்ள போயிடலாம்னு பார்த்தேன்."

அன்று சின்னவளை அப்பா கூட்டிக்கொண்டு வருவார் என்று அம்மா நினைத்தாள். அம்மா போவாள் என்று அப்பா நினைத்தார். ஆறு வயதுப் பெண் பாலர் பள்ளியின் கேட்டுக்கு உள்ளே காவல்காரரோடு உட்கார்ந்திருந்தாள். இருட்டிய பிறகுதான் யாருக்கோ நினைவு வந்தது.

பெரியவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தங்கையைத் தூக்கிக்கொண்டு அப்பா வாசலில் நுழைகிறார். மேசை மேல் பல் டாக்டர் கொடுத்த கேக். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். சின்னவளின் ஒரு காலில் ஷூ. இன்னொரு காலில் காலுறை மட்டும், அழுக்காக.

"நீ அன்னைக்கு ஒத்தை ஷூவோடதான் வந்தே," என்றாள்.

சின்னவளின் முகம் மாறியது. "அது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இன்னொண்ணு எங்க?"

"சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் விறுவிறுவென்று நடந்தாள்.

அன்று இரவு பெரியவள் அந்த இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பு எங்கிருந்து வாயில் வந்தது என்று இப்போது தெரிந்தது. சொல்லப்போனால் அது அவளுடையதே இல்லை. ஸ்கேலை எடுக்கவில்லை, ஓரம் போடவில்லை. ஒரு குழந்தை கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. காவல்காரரிடம் மணி கேட்கிறது. அவர் ஒவ்வொரு முறையும், இன்னும் அஞ்சு ஆகலையே என்கிறார். அஞ்சு மணிக்கு அம்மா வருவாள் என்று குழந்தை சொல்லியிருக்கிறது. அஞ்சு ஆகவில்லை என்றால் யாரும் மறந்துவிடவில்லை என்று அர்த்தம். பிறகு ஆயா வந்து, எங்கள் வீட்டுக்குப் போய் இருக்கலாம் வா என்று கூப்பிடுகிறாள். குழந்தை ஒரு ஷூவைக் கழற்றிக் கேட்டின் கம்பிக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஷூ இல்லாமல் யாரும் யாரையும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது. தேடி வருகிறவர்களுக்கும் அது ஒரு அடையாளம். இவ்வளவையும் எழுதிவிட்டு, அதே நேரத்தில் குழந்தையின் அக்கா இன்னொரு இடத்தில் யாரோ ஒரு அம்மாவைத் தனியாக விடாமல் பேசிக்கொண்டிருந்தாள் என்று முடித்தாள். பொறுமை, தைரியம் எதுவும் அதில் வரவில்லை.

அடுத்த வகுப்பில் மிஸ் அதைக் கையில் எடுத்தபோது கத்தரிக்கோலையும் சேர்த்துத்தான் எடுத்தார். படித்துக்கொண்டே போனார். பாதியில் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். பிறகு உரக்கப் படித்தார். பஸ் வந்தது, போனது.

சின்னவள் பக்கத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இது எனக்கு நடந்தது மிஸ்."

"அப்போ நீ எழுதியிருக்கணும்."

"அவ அங்க இல்லவே இல்ல."

"லிஃப்ட்கிட்ட நீ இருந்தியா?"

மிஸ் கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்தார். அங்கே இருந்தவள் நீ ஒருத்திதான், இதில் பொய் இருந்தால் சொல், சட்டப்படி முழுசையும் வெட்டிவிடுகிறேன் என்றார்.

பெரியவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தான் செய்ததை இப்போது தங்கை செய்யலாம். ஒரு வார்த்தை போதும். சித்தி கடையின் பூப்போட்ட மெத்தை கண்முன்னால் வந்து போனது. சின்னவள் அந்தத் தாளையே பார்த்தாள். அந்தப் பார்வை பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் அவள் தினமும் பார்க்கிற பார்வை. உள்ளுக்குள் பயத்துக்கு நடுவிலும் சர்க்கரைத் துணுக்கு மாதிரி ஒன்று கரைந்தது: இவளுக்கும் எரிகிறது!

"ஷூ நிஜமா?" என்று கேட்டார் மிஸ்.

"வெட்டாதீங்க மிஸ்," என்றாள் சின்னவள் கடைசியில்.

பரீட்சை ஒரு பெரிய பள்ளியின் கூடத்தில் நடந்தது. சின்னவளுக்கு முன்வரிசையில் இடம், பெரியவளுக்குப் பின்னால். கட்டுரைத் தாள் கைக்கு வந்தது. தலைப்பு, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி.

லிஃப்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த தலைப்பு. மின்சாரம் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் லிஃப்ட், நாலு வரி கூட வேண்டாம், ஒரே வரியில் வண்டி திரும்பிவிடும். முன்வரிசையில் தங்கையின் பின்தலை குனிந்தது, பேனா ஓடத் தொடங்கிவிட்டது. பென்சிலைக் கடிக்கக் கூட இல்லை. இவளுக்கு மட்டும் எல்லாம் மடியில் வந்து விழுகிறது. பாலர் பள்ளிக் கேட்டுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவள் பேனா தானாக எழுதியது: "லிஃப்ட் நின்றுவிட்டது."

எழுதிவிட்டுப் பார்த்தாள். கத்தரி மிஸ் கூட வெட்டாத வரி. நியாயமாகப் பார்த்தால் அது அவளுடைய லிஃப்ட். அவள் உதடு பட்ட கதவு. யாரும் தடுக்க முடியாது. ஆனால் இரண்டு பேரும் அதையே எழுதினால் இரண்டு பேருக்கும் சைபர். தனக்கு இல்லாதது அவளுக்கும் இல்லை என்று ஆகிவிடும். அந்த நினைப்பு ஒரு கணம் எவ்வளவு ருசியாக இருந்தது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

முன்வரிசையில் சின்னவள் ஒரு காலை நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். யோசிக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

பெரியவள் அந்த வரியை அடித்தாள். கேட்டில் ஒரு விளக்கு இருந்திருக்கும். காவல்காரர் அதைப் போட்டிருக்க மாட்டார். விளக்கைப் போட்டால் இருட்டிவிட்டது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அஞ்சு ஆகவில்லை என்று சொல்ல முடியாது. "ஒரு விளக்கை எரியவிடாமல் வைத்திருப்பதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம்" என்று எழுதினாள். வண்டி திரும்பிவிட்டது.

முடிவு வந்த அன்று கல்லூரி வாசலில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பெரியவள் தன் எண்ணைத் தேடவில்லை. முதலில் தங்கையின் எண்ணைத்தான் தேடினாள். இருந்தது. பிறகுதான் தன்னுடையதைப் பார்த்தாள். அதுவும் இருந்தது, சின்னவளுடையதற்குக் கொஞ்சம் கீழே. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் அன்று முழுக்க அவளுக்குக் காலில் குத்திய முள்ளாக இருந்தது. அப்பா இனிப்பு வாங்கி வந்தார். சித்தி அந்த மெத்தையைத் தானே போட்டு உட்கார்ந்துகொண்டாள். நல்ல பஞ்சு, வீணாகக் கூடாது என்றாளாம்.

பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பஸ்ஸில் இந்த முறை பக்கத்துப் பக்கத்து இருக்கை. மின்சாரத்தைக் கொண்டு போய்க் கேட்டில் எப்படிச் சேர்த்தாய் என்று சின்னவள் கேட்டாள். உப்பு கேட்கிற குரல் இல்லை. பெரியவள் சொன்னாள், விளக்கை, காவல்காரரை, அஞ்சு மணியை. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுத்து நரம்பு தெரிந்தது.

"நல்லாதான் இருக்கு," என்றாள், பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி.

பெரியவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுடி. அந்த ஷூ நிஜமாவே எங்க போச்சு?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் சின்னவள். "அது என்னுது."